நாலாவது படிக்கிற பையனுக்கு ஐ.க்யூ டெஸ்ட் எடுக்கச் சொல்றாங்க, எடுக்கலாமா?

தங்கச்சிமடம் அம்மா:
எல்லாருக்கும் வணக்கம். எம்பையனுக்கு 9 வயசு, நாலாவது, இங்கிலீஷ் மீடியம். தமிழ்ல "படகு"ன்னு இருந்தா "பகடு"ன்னு வாசிக்கிறான், கொம்பு போட்ட எழுத்து வந்தாலே நின்னுருவான், போர்டுல எழுதிப்போட்டத பாதிதான் நோட்டுல கொண்டு வர்றான். ஆனா வாயால கேட்டா எல்லாம் சொல்லுவான். அவங்கப்பா நண்டு எடை போடுறப்ப கிலோ 400ன்னா ஆறேகால் கிலோவுக்கு 2500ன்னு எங்களுக்கு முன்னாடி சொல்லிட்டான், ஏவாரியே திரும்பிப் பாத்தாரு.

ஸ்கூல்ல ஐ.க்யூ டெஸ்ட் ரிப்போர்ட் கொண்டாங்க, இல்லன்னா அடுத்த வருஷம் சேக்குறது கஷ்டம்னுட்டாங்க. தெரிஞ்சவங்க சொன்னாங்கன்னு ஒரு இடத்துல 4500 கட்டினேன், பத்து விரல்லயும் ரேகை எடுத்து கலர்ல ஒரு புத்தகமே குடுத்தாங்க, அத ஸ்கூல்ல வாங்கமாட்டேங்கிறாங்க. மாமியார் என்னன்னா பிள்ளைக்கு லூசுன்னு எழுதி வாங்கப் போறியான்னு அழுவுறாங்க. இன்னொன்னும் சொல்லணும், அவங்கப்பாவும் அஞ்சாவதோட நின்னவரு, இன்னைக்கும் படகு லைசென்ஸ் பேப்பர் வந்தா பேசாம எங்கையில குடுத்துருவாரு. யாராச்சும் வழி சொல்லுங்க.

மண்டபம் டீச்சர்:
அக்கா, மொதல்ல அந்த ரேகை புத்தகத்த பரண்ல போடுங்க. விரல் ரேகைக்கும் புத்திக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. அதுல எழுதியிருக்கிற ஒரு வார்த்தைகூட பையன் காதுல விழக்கூடாது.

நான் இந்த மாதிரி பிள்ளைகளுக்கு 11 வருஷமா சொல்லிக்குடுக்குறேன். ஐ.க்யூ மட்டும் பாத்தா உங்க கேள்விக்கு பதில் கிடைக்காது. பொதுவான அறிவுத்திறனுக்கு ஒரு டெஸ்ட், நம்ம பக்கம் பினே காமத், மாலின் ஸ்கேல், சில இடத்துல விஸ்க் எடுப்பாங்க. வாசிக்கிறது எழுதுறது கணக்கு போடுறதுக்கு தனியா ஒன்னு, பெங்களூர் நிம்ஹான்ஸ்ங்கிற மனநல ஆஸ்பத்திரியில உருவாக்குன தொகுப்பு. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாக்கணும். புத்தி வயசுக்குத் தக்க இருந்து வாசிப்பு மட்டும் ரொம்பப் பின்னாடி கெடந்தா அதத்தான் கற்றல் குறைபாடுன்னு சொல்றது, வாசிக்கிறதுல சிரமம் வர்ற டிஸ்லெக்சியா அதுல ஒன்னு. இது குடும்பத்துல இறங்கி வர்றதுதான், நீங்க அவங்கப்பாவப் பத்தி எழுதினத டெஸ்ட் எடுக்கிறவங்ககிட்ட கண்டிப்பா சொல்லுங்க, அவருக்கும் சின்ன வயசுல இதே இருந்திருக்கலாம், அப்ப யாரும் பாக்கல, மக்குன்னு சொல்லி விட்டுருப்பாங்க.

நம்பரப் பாத்து பயப்படாதீங்க. சராசரி 100, மூணுல ரெண்டு பேரு 85லேருந்து 115க்குள்ளதான் வருவாங்க. சுமாரா 70க்குக் கீழ வந்து, அன்றாட வேலையும் தானா செய்ய முடியாம இருந்தாத்தான் அறிவுத்திறன் குறைபாடுன்னே பேசுவாங்க. உள்ள என்ன நடக்கும்னா, செவப்பு வெள்ளை கட்டைய குடுத்து படத்துல இருக்கிற மாதிரி அடுக்கச் சொல்லுவாங்க, 5, 8, 2ன்னு சொன்னா 2, 8, 5ன்னு திருப்பிச் சொல்லணும். போர்டுல இருக்கிறத பாதியில விட்டுட்டு வர்றான்னு சொன்னீங்கல்ல, கேட்டத பாத்தத மனசுல புடிச்சு வச்சுக்க முடியுதான்னு இதுல கொஞ்சம் தெரியும்.

1905ல பாரிஸ்ல பினே, சைமன்னு ரெண்டு பேரு மொதமொதல்ல இந்த டெஸ்ட்ட போட்டதே எந்தப் பிள்ளைக்கு கூடுதலா சொல்லிக்குடுக்கணும்னு கண்டுபிடிக்கத்தான். வெளிய அனுப்புறதுக்கு ரிப்போர்ட் கேக்குறது அநியாயம், எனக்குக் கோவமா வருது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல இருக்கிற 21 வகையில கற்றல் குறைபாடும் ஒன்னு, 8 வயசுக்கு மேல சர்ட்டிபிகேட் வாங்கலாம், பரீட்சையில கூடுதல் நேரம், சொல்றத எழுத ஆள் எல்லாம் கேக்கலாம். ராமநாதபுரம் அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுல மொதல்ல கேளுங்க. வெளிய போனா ஆர்.சி.ஐ., அதாவது இந்திய மறுவாழ்வு கவுன்சில் பதிவு நம்பர் உள்ள கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டான்னு கேட்டுட்டு உக்காருங்க.

கீழக்கரை லாத்தா:
கண்ணும் காதும் பாத்தாச்சா தங்கச்சி? எம்மகளுக்கு ஒரு காது மந்தம், அது தெரியாமலே ஒரு இடத்துல டெஸ்ட் எடுத்து, அதுவும் முழுசா இங்கிலீஷ்ல கேட்டு, மார்க் கம்மின்னு எழுதிட்டாங்க. வீட்ல தமிழ்தான பேசுறோம், கேள்வியே புரியாத பிள்ளை என்ன பதில் சொல்லும். காதுக்கு வைத்தியம் பாத்துட்டு ஒரு வருஷம் கழிச்சு வேற ஊர்ல தமிழ்ல எடுத்தோம், நல்லாவே வந்துச்சு. உடனே எடுக்க முடியாதாம், அதே கேள்விய சீக்கிரம் திரும்பக் கேட்டா பழகிப்போயி மார்க் கூட வந்துருமாம். அதனால மொதத்தடவையே சரியா எடுத்துருங்க. ராத்திரி தூங்காத பிள்ளைய, காய்ச்சல்ல இருக்கிற பிள்ளைய கூட்டிட்டுப் போகாதீங்க.

தொண்டி 77:
பெரியவங்களுக்கும் இந்த டெஸ்ட் உண்டு, அதுக்குத்தான் எழுதுறேன். ரெண்டு வருஷம் முன்னாடி விசைப்படகுல வின்ச் கம்பி அறுந்து எனக்கு தலையில அடி. காயம் ஆறிருச்சு, ஆனா காலையில பேசுனது மத்தியானம் இருக்காது, வீட்ல எல்லாரும் நடிக்கிறேன்னே நெனச்சாங்க. மதுரையில ஞாபகசக்தி டெஸ்ட் எடுத்தாங்க, சோடி சோடியா வார்த்தை சொல்லி கொஞ்ச நேரம் கழிச்சு கேட்டாங்க, ஒன்னுமே வரல, ஆனா 20 வருஷத்துக்கு முந்தி கடல்ல எந்த எடத்துல எவ்வளவு மீன் பட்டுச்சுன்னு கேட்டா சொல்லிருவேன். பழசு இருக்கு, புதுசு ஏறலன்னு எழுதிக் குடுத்தாங்க. அந்தத் தாளக் காட்டுன பிறகுதான் எம்பொண்டாட்டி சண்டை போடுறத விட்டா. இப்ப சட்டைப்பையில சின்ன நோட்டு, எல்லாம் அதுல. மாமியார்கிட்ட சொல்லுங்க தங்கச்சி, இது முத்திரை குத்துறது இல்ல.

தங்கச்சிமடம் அம்மா:
எல்லாருக்கும் நன்றி, படிக்கப் படிக்க கண்ணு கலங்கிருச்சு. அவருகிட்ட டீச்சர் எழுதினத வாசிச்சுக் காட்டினேன், ரொம்ப நேரம் ஒன்னும் பேசல, அப்புறம் நானும் கூட வர்றேன்னாரு. ஏப்ரல் 15லேருந்து மீன்பிடி தடைக்காலம், 61 நாள் படகு கரையிலதான், ஸ்கூலும் லீவு, அப்ப போறோம். கண்ணும் காதும் இந்த வாரமே பாத்துருவேன். ஒரே ஒரு சந்தேகம் டீச்சர், பையன்கிட்ட என்னன்னு சொல்லிக் கூட்டிட்டுப் போறது? டெஸ்ட்டுன்னாலே வயித்துவலிங்குறான்.

மண்டபம் டீச்சர்:
டெஸ்ட்டுங்கிற வார்த்தையே வேணாம் அக்கா. ஒரு அக்கா கட்டை அடுக்கச் சொல்லுவாங்க, படம் காட்டுவாங்க, கேள்வி கேப்பாங்க, சிலது லேசா இருக்கும், சிலது ரொம்பக் கஷ்டம், தெரியலன்னா தெரியலன்னு சொல்லலாம், பாஸ் பெயில் கிடையாதுன்னு சொல்லுங்க. மறைக்காம இதையும் சொல்லுங்க, நீ வாசிக்க கஷ்டப்படுறது எதனாலன்னு பாக்கத்தான் போறோம், அப்பாவுக்கும் அப்படித்தான்னு. அத அவங்கப்பா வாயால சொல்லச் சொல்லுங்க.