பொருள்: ஹைப்பாக்சியா (ஆக்சிஜன் குறைவு) ஸ்பிரிண்ட் (குறுநேர முழுவேக முயற்சி) பயிற்சி – தமிழில் என்ன?

ம. எழுதியது:
பயிற்சியாளர் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. வரைவில் ‘தாழ்வழுத்த விரைவோட்டம்’ என்றிருக்கிறது. செயல்முறை இது: சுவாசிக்கும் காற்றில் ஆக்சிஜன் 20.9 விழுக்காட்டிலிருந்து 14.5 அளவுக்கு இறக்கப்படும்; ஏறத்தாழ 3000 மீட்டர் உயரத்துக்கு ஈடு. சைக்கிள் எர்கோமீட்டரில் (நின்ற இடத்திலேயே மிதிக்கும் சைக்கிள்) 10 வினாடி முழு மூச்சாக மிதி, 20 வினாடி தளர்வு. ஐந்து முறை ஒரு சுற்று. 5 நிமிட இடைவெளியில் மூன்று சுற்று.

த. எழுதியது:
இரண்டு சொல்லும் பிழை. பயிற்சி அறையில் காற்றழுத்தம் குறைவதே இல்லை. நைட்ரஜனைக் கூட்டி ஆக்சிஜன் பங்கைத்தான் குறைக்கிறார்கள். சைக்கிள் மிதிப்பதில் ஓட்டம் எங்கே வந்தது? ‘வளிக்குறைப் பாய்ச்சல்’ என்க. நாலுகால் பாய்ச்சல் தெரியாதவர் யார்?

சி. எழுதியது:
குறள் 941 பாருங்கள். அங்கே ‘வளி’ என்பது வாதம். ‘வளிக்குறை’ என்றால் சித்த வைத்தியர் நாடி பிடிக்க வந்துவிடுவார். ‘உயிர்வளிக்குறை’ என்பதே தெளிவு. பாய்ச்சலோ பிறவினை, வயலுக்கு நீர் பாய்ச்சுவது.

த. எழுதியது:
அப்படியானால் மேய்ச்சலும் பிறவினையா? மாடு தானேதான் மேய்கிறது. மேய் + சல், பாய் + சல். குதிரைக்குப் பாய்மா என்று பெயர். அதை யாரும் பாய்ச்சவில்லை.

வ. (யாழ்ப்பாணம்) எழுதியது:
எங்கள் பாடநூல்களில் ஒட்சிசன். உயிர்வளி என்றால் இங்கே பிள்ளைகளுக்கு விளங்காது. ‘ஒட்சிசன் குறைநிலை’ போதும்.

ந. எழுதியது:
இந்தச் சண்டையில் பெரிய பிழை ஒன்று தப்பிப் போகிறது. ‘இப்பயிற்சி ஹீமோகுளோபின் அளவைக் கூட்டும்’ என்கிறது வரைவு. எந்த அளவு? செறிவா, மொத்த நிறையா? கடும் முயற்சிக்குப் பின் பிளாஸ்மாவின் (குருதித் திரவத்தின்) நீர் தசைக்குள் இறங்கும். உடனே குருதி எடுத்தால் செறிவு ஏறித் தெரியும். சிவப்பணு ஒன்றுகூடக் கூடியிருக்காது. நிறை உயர்வதற்கு மலையில் தங்க வேண்டும்: ஏறத்தாழ 100 மணி நேரத்துக்கு 1 விழுக்காடு, அதுவும் உடலில் இரும்புச்சத்து இருந்தால். இங்கே நான்கு வாரத்தில் எட்டு அமர்வு, அமர்வுக்கு ஒரு மணி நேரம் என்றே வையுங்கள். எட்டு மணி நேரத்தில் என்ன ஏறும்? பயன் தசையில்தான்: குருதிக்குழாய்கள் விரிந்து, வேகமாகச் சுருங்கும் இழைகளுக்குக் குருதி கூடுதலாகப் பாய்கிறது. ‘அளவு’ என்ற சொல்லையே அத்தியாயத்திலிருந்து எடுங்கள். செறிவுக்கு லிட்டருக்குக் கிராம், நிறைக்குக் கிராம் என்று அலகையும் போடுங்கள்.

ம. எழுதியது:
செறிவு, நிறை இரண்டையும் திருத்திவிட்டேன். ஸ்பிரிண்டைத் திரும்பத் திரும்பச் செய்வதற்கு என்ன சொல்?

சி. எழுதியது:
‘மீள்பாய்ச்சல்’ பந்து சுவரில் பட்டுத் திரும்புவது. ‘தொடர்பாய்ச்சல்’ நிற்காமல் ஓடுவது. இலக்கணத்தில் அடுக்குத்தொடர் இருக்கிறதே, ‘அடுக்குப் பாய்ச்சல்’ எனலாம்.

ம. எழுதியது:
சரி, ‘ஆக்சிஜன் குறைநிலை அடுக்குப் பாய்ச்சல்’. நான்கு பேர் ஒப்புதல். இலங்கைப் பதிப்பில் ஒட்சிசன்.

சி. எழுதியது:
அந்த நால்வரில் நான் இல்லை. பாய்ச்சலுக்கு இணங்கினேன், ‘ஜ’வுக்கு இல்லை. அடிக்குறிப்பிலாவது உயிர்வளி வரட்டும்.