அந்திமந்தாரையில் நிறமாக இருப்பது அல்லியா, புல்லியா?

பூக்காம்பு (கேள்வி)

பிளஸ் ஒன் செய்முறைக்கு அந்திமந்தாரையைப் பிரிக்கும்போது ஒரு சிக்கல். அடியில் ஐந்து பல் உள்ள பச்சைக் கிண்ணம், அதற்குள்ளிருந்து நிறமான புனல். பச்சையைப் புல்லிவட்டம் (பூவின் வெளிவட்டம்) என்றும் நிறத்தை அல்லிவட்டம் (அதற்கு உள்ளே வரும் இதழ் வட்டம்) என்றும் மாணவர்கள் குறிக்கிறார்கள். நூல்களோ இந்தப் பூவுக்கு அல்லியே இல்லை என்கின்றன. மூன்று சந்தேகங்கள்:

1. பிளேடும் லென்ஸும் மட்டும் வைத்து இதை எப்படிக் காட்டுவது?
2. ஏ, பி, சி என்ற மூன்று வகை மரபணுக்கள் பூவுறுப்புகளைத் தீர்மானிக்கின்றன என்னும் ஏபிசி மாதிரிப்படி, ஏ மட்டும் என்றால் புல்லி, ஏவும் பியும் சேர்ந்தால் அல்லி. புல்லி நிறமேறுவது பி வெளிவட்டத்துக்கும் பரவியதாலா?
3. இதழின் மேல்தோலில் கூம்புச் செல்கள் தெரிந்தால் அது அல்லி என்று முடிவு கட்டலாமா?

மூக்கிரட்டை

பச்சைக் கிண்ணம் புல்லி இல்லை. பூவடிச்செதில்கள் ஐந்து ஒட்டி உண்டானது அது. நிறமான புனல்தான் புல்லிவட்டம்.

அன்று மாலை விரியப்போகும் மொட்டை மூன்று மணிவாக்கில் பறித்துக்கொள்ளுங்கள். விரிந்த பூ என்றால் புனல் துவண்டு பிளேடில் கசங்கிவிடும். காம்பிலிருந்து மேல்நோக்கி, புது பிளேடால் நெடுக்காக ஒரே இழுப்பில் பிளக்கவும். 10 மடங்கு கை லென்ஸில் பார்த்தால், கிண்ணத்துக்குள் புனலின் அடி பச்சையாக உருண்டு சூற்பையை மூடியிருக்கும். அதற்கு மேல் கழுத்துபோல ஒரு இறுக்கம். பூ வாடியதும் கழுத்துக்கு மேலே உள்ள நிறப் பகுதி உதிர்ந்துவிடும். அடிப்பகுதி மட்டும் தங்கி, தடித்துக் கறுத்து, நாம் விதை என்று பொறுக்கும் மிளகு போன்ற காயின் ஓடாகிறது.

பலர் தவறுவது இங்கேதான். உருண்ட அந்த அடியையே சூற்பை என்று நினைத்து, "கீழ்மட்டச் சூற்பை" என்று எழுதிவிடுவார்கள். ஊசியால் பச்சை உறையைக் கீறிப் பிரியுங்கள், உள்ளே சூற்பை தனியாக நிற்கும். அது மேல்மட்டச் சூற்பை.

கிண்ணம் புல்லி இல்லை என்பதற்கு உறவுச் செடிகளே சாட்சி. அமெரிக்காவின் தென்மேற்கில் வளரும் மிராபிலிஸ் மல்டிஃப்ளோராவில் ஒரே கிண்ணத்துக்குள் ஆறு பூக்கள் வரை இருக்கும். ஆறு பூவுக்கு ஒரு புல்லிவட்டம் பொதுவாக இருக்க முடியாது அல்லவா? பக்கத்தில் காகிதப்பூ ஒன்றையும் வையுங்கள். அதில் மூன்று பூவடிச்செதில்களும் நிறமேறியிருக்கும். ஒவ்வொன்றின் நடுநரம்பிலும் ஒரு சின்னக் குழல்பூ ஒட்டியிருக்கும். இரண்டும் ஒரே குடும்பம்.

அகாமஸ்

இரண்டாவது சந்தேகத்துக்கு: சில செடிகளில் ஆம், எல்லாவற்றிலும் இல்லை.

கோயனும் மெயரோவிட்ஸும் 1991-ல் ஏபிசி மாதிரியை முன்வைத்தது அராபிடாப்சிஸ் (கடுகுக் குடும்பச் சிறுசெடி), ஆன்டிரைனம் (நாய்முகப்பூ) இரண்டின் திரிபுச் செடிகளை, அதாவது மரபணு கெட்ட செடிகளை வைத்து. அராபிடாப்சிஸில் பி வகை என்பது அபெட்டலா3, பிஸ்டில்லாட்டா என்ற இரண்டு மரபணுக்கள். இவற்றின் புரதங்கள் ஜோடி சேர்ந்தால்தான் வேலை நடக்கும். ஒன்று கெட்டாலும் அல்லியின் இடத்தில் புல்லியும் மகரந்தத்தாளின் இடத்தில் சூலகமும் வந்துவிடும்.

டூலிப்பில் வெளி மூன்று இதழும் உள் மூன்று இதழும் ஒரே நிறம். பி வகையின் எல்லை ஒரு வட்டம் வெளியே நகர்ந்திருக்க வேண்டும் என்று 1993-ல் ஒரு கருத்து வந்தது. பி மரபணுக்கள் அங்கே முதல் வட்டத்திலும் வெளிப்படுவதை 2003-ல் காட்டினார்கள். நம் செங்காந்தளும் டூலிப் இருக்கும் லிலியேல்ஸ் வரிசைதான். ஆனால் ஆஸ்பராகஸிலும் வெளி இதழும் உள் இதழும் ஒத்தே இருக்கின்றன. அங்கே டெபிசியன்ஸ் வகை (அபெட்டலா3-க்கு ஈடான) பி மரபணு முதல் வட்டத்தில் வெளிப்படுவதில்லை. இன்னும் தெளிவான எடுத்துக்காட்டு அக்விலீஜியா என்ற பூச்செடி. அதன் புல்லி நிறமானது, அல்லிக்குப் பின்னால் தேன்குழல் உண்டு. அபெட்டலா3-3 என்ற மரபணுவை அடக்கினால் தேன்குழல் போய், அல்லி இருந்த இடத்தில் நிறமான புல்லியே வருகிறது. அல்லியை அல்லியாக்கும் மரபணு இல்லாமலேயே நிறம் வர முடியும் என்பது இதிலிருந்து தெரிகிறது.

ஆகவே "நிறம் இருந்தால் பி இருக்கும்" என்று வகுப்பில் சொல்ல வேண்டாம். "ஏ மட்டும் என்றால் புல்லி" என்பதையும் அராபிடாப்சிஸோடு நிறுத்துங்கள். ஆன்டிரைனத்திலேயே அதற்கு ஈடான ஏ திரிபு கிடைக்கவில்லை. மாறாக, கட்டாயம் சேர்க்க வேண்டியது, ஏபிசி மரபணுக்களோடு கூட்டுச் சேர்ந்து வேலை செய்யும் செப்பல்லாட்டா மரபணுக்களை. அவற்றில் மூன்று கெட்டால் பூ முழுவதும் புல்லி (2000). நான்கும் கெட்டால் உறுப்பெல்லாம் இலை மாதிரி (2004).

கண்ணாடித்தகடு

மூன்றாவதற்கு: முடிவு கட்டக் கூடாது. கூம்புச் செல் காட்டுவது மேல்தோலின் தன்மையை. உறுப்பு எந்த வட்டத்தைச் சேர்ந்தது என்பதை இல்லை. ஆன்டிரைனத்தில் மிக்ஸ்டா என்ற மரபணு கெட்டால் செல்கள் தட்டையாகி நிறம் வெளிறும், ஆனால் அது அப்போதும் அல்லிதான். நிறமேறிய புல்லியிலும் கூம்பு வரலாம்.

பார்க்க வேண்டுமென்றால் நகப்பூச்சு அச்சு வேண்டாம். மெல்லிய இதழ் அதில் கருகும், உரிக்கும்போது கூம்புகள் கிழியும். 5 மில்லிமீட்டர் துண்டு வெட்டி, உள்பக்கம் வெளியே தெரியும்படி மடித்து, நீர்த்துளியில் வைத்து மூடித்தகடு போடுங்கள். மடிப்பின் விளிம்பில், நுண்ணோக்கியின் 40 மடங்கு பொருளருகு லென்ஸில், கூம்புகள் ரம்பப் பல்போல வரிசையாகத் தெரியும். இதழ் தண்ணீரை ஒட்டாது, காற்றுக்குமிழ் கறுப்பாக மறைக்கும். அதனால் அந்த நீரில் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் கலந்துகொள்ளுங்கள். ஆல்கஹாலில் முக்கினால் நிறம் கசிந்துவிடும்.

பூக்காம்பு

மிக்க நன்றி. அடுக்குச் செம்பருத்தி, அடுக்கு ரோஜா எல்லாம் சி வகை கெட்டதால் என்று ஒரே வரியில் எழுதலாமா?

அகாமஸ்

எழுத வேண்டாம். அராபிடாப்சிஸில் சி வகையான அகாமஸ் என்ற மரபணு முழுதாகக் கெட்டால் மகரந்தத்தாளும் சூலகமும் இருக்காது; புல்லி, அல்லி, அல்லி என்ற அடுக்கே திரும்பத் திரும்ப வரும். அடுக்குச் செம்பருத்தியைப் பிரித்தால் சூலகம் இருக்கும், பாதி இதழாகிப் பாதி மகரந்தப்பையாக நிற்கும் தாள்களும் கிடைக்கும். அந்த இடைநிலைத் தாள்களை வரிசையாக அட்டையில் ஒட்டுங்கள். எல்லை நகர்வதைக் காட்ட அதைவிட நல்ல மாதிரி கிடையாது.

ரோஜாவில் சி மரபணு கெடவில்லை, அது வேலை செய்யும் இடம் நடுவை நோக்கிச் சுருங்கியிருக்கிறது. சி-யை ஒடுக்கும் அபெட்டலா2 குடும்பத்து மரபணு ஒன்றை மைக்ரோ ஆர்.என்.ஏ 172 என்ற சிறு ஆர்.என்.ஏ அடக்கி வைக்க வேண்டும். அடுக்கு ரோஜாவில் அந்த ஆர்.என்.ஏ பிடிக்கும் இடம் அற்றுப்போன மரபணு வடிவம் இருக்கிறது. அடக்க ஆளில்லாததால் சி பின்வாங்குகிறது. குளிரிலும் ரோஜாவில் சி வகை தணிந்து இதழ் கூடும் என்பதால், இதழ் எண்ணும்போது மாதத்தையும் குறித்துவையுங்கள்.

எள் வயல் பக்கத்தில் இருந்தால் பூ பச்சையாகி இலையாக மாறும் பில்லோடி நோயையும் காட்டுங்கள். தத்துப்பூச்சி கொண்டுவரும் ஃபைட்டோபிளாஸ்மா என்ற பாக்டீரியா வகை அதற்குக் காரணம். பில்லோடி உண்டாக்கும் ஃபைட்டோபிளாஸ்மா ஒன்றின் எஸ்.ஏ.பி54 என்ற புரதம், அராபிடாப்சிஸின் பூவுறுப்புப் புரதங்களைச் சிதைப்பது 2014-ல் காட்டப்பட்டது. பறித்த செடியைப் பையில் கட்டி எடுத்து வாருங்கள், பூச்சி பறந்து பரவாமல் இருக்கும்.