மறு: 'மல்டி லெவல் கவர்னன்ஸ்' – காலநிலைக் கொள்கைக்கு ஒரு சொல்

அனைவருக்கும் வணக்கம்.

நாட்டு, மாகாண, நகர அரசுகள் சேர்ந்து ஒரு கொள்கையை நடத்துவதை ஆங்கிலத்தில் 'மல்டி லெவல் கவர்னன்ஸ்' என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச் சொல் தேடும் நம் இழையில் இதுவரை வந்த பரிந்துரைகளை ஒரு தாளில் எழுதி வைத்துப் பார்த்தேன். பல்லடுக்கு ஆளுகை, பன்னிலை ஆட்சி, பலமட்ட நிர்வாகம், செங்குத்து ஒருங்கிணைப்பு, கூட்டாட்சி முறை. ஒவ்வொன்றுக்கும் நியாயம் இருக்கிறது. ஆனால் ஐந்தையும் காலநிலைக் கட்டுரை ஒன்றில் மாற்றி மாற்றிப் போட்டுப் படித்தபோது, சொல்ல வந்த விஷயம் எதிலும் முழுதாக வந்து உட்காரவில்லை. ஏன் என்று யோசித்ததில் இந்த மடல் கொஞ்சம் நீண்டுவிட்டது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

'கவர்னன்ஸ்' என்ற பின்பாதியை முதலில் முடித்துவிடுவோம். 'ஆட்சி' என்றால் யார் நாற்காலியில் இருக்கிறார் என்பதே முன்னால் வருகிறது. 'நிர்வாகம்' கோப்பு, கையெழுத்து, அலுவலகம் என்று சுருங்கிவிடுகிறது. 'ஆளுமை' ஒரு மனிதரின் குணத்துக்குப் போய்ச் சேர்ந்து வெகுநாள் ஆகிறது. 'ஆளுகை' மட்டும் இன்னும் கறைபடாமல் இருக்கிறது. முடிவெடுப்பது, பணம் ஒதுக்குவது, கண்காணிப்பது, பொறுப்பேற்பது எல்லாம் அதற்குள் அடங்கும். இதில் யாருக்கும் மறுப்பு இருக்காது என்று நினைக்கிறேன்.

சிக்கல் 'மல்டி லெவல்' என்ற முன்பாதியில்தான்.

> அடுக்கு என்றால் போதாதா? நாட்டு அரசு, மாகாண அரசு, நகராட்சி என்று ஒன்றன்மேல் ஒன்றாக இருப்பதைத்தானே சொல்ல வருகிறோம்?

போதாது, நண்பரே. அடுக்குகள் எல்லா நாட்டிலும் இருக்கின்றன. மேலே இருப்பவரும் கீழே இருப்பவரும் முகம் கொடுத்துப் பேசாத நாட்டிலும் ஆளுகை பல்லடுக்காகத்தான் இருக்கிறது. காலநிலைக்காரர்கள் இந்தத் தொடரை எடுக்கும்போது கேட்பது வேறு: அந்த அடுக்குகள் ஒன்றோடொன்று பொருந்தியிருக்கின்றனவா?

ஒரு பேருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். நகரப் பேருந்துகளை மின்சாரத்துக்கு மாற்றுவது என்று ஒரு மேயர் முடிவு செய்கிறார். வண்டி வாங்குவது, தடம் போடுவது, பணிமனைக்கு இடம் தருவது வரை நகரத்தின் கையில் இருக்கலாம். இரவில் நாற்பது வண்டிகள் ஒரே பணிமனையில் சார்ஜ் ஏற நின்றால் அந்தச் சுமையைத் தாங்கும் மின்மாற்றியும் கம்பித்தடமும் வேண்டும். அது மின்விநியோக நிறுவனத்தின் வேலை. ஒரு யூனிட்டுக்கு என்ன கட்டணம் என்பதை ஒழுங்குமுறை ஆணையம் சொல்லும். இறக்குமதி வரி நாட்டு நிதியமைச்சகத்தில் இருக்கிறது. நகரம் கடன் வாங்கலாமா, எவ்வளவு வாங்கலாம் என்பதற்கு இன்னொரு சட்டம். மின்சாரம் நிலக்கரியிலிருந்து வருகிறதா காற்றாலையிலிருந்தா என்பதும் நகர எல்லைக்கு வெளியே முடிவாகிற விஷயம். நிலக்கரி என்றால், தெருவில் குறைந்த கரியின் ஒரு பங்கு எங்கோ தூரத்துப் புகைபோக்கி வழியே வெளியே வந்துவிடும். ஆறு பூட்டு, நகரத்தின் கையில் ஒரு சாவி.

தென்னாப்பிரிக்காவில் இது வழக்காகவே ஆனது. கேப் டவுன் நகரம் தனியார் உற்பத்தியாளரிடமிருந்து நேரடியாக மின்சாரம் வாங்க விரும்பியது. அமைச்சரின் ஒப்புதல் இல்லாமல் முடியாது என்று நாட்டு அரசு நின்றது. விஷயம் நீதிமன்றம் ஏறியது. 2020 அக்டோபரில் விதியைத் திருத்தினார்கள். நிதிநிலை ஒழுங்காக உள்ள நகராட்சிகள் தாங்களே மின்சாரம் கொள்முதல் செய்ய வழி பிறந்தது. அடுக்குகள் அங்கே முன்பும் இருந்தன, பின்பும் இருக்கின்றன. மாறியது இரண்டுக்கும் நடுவே உள்ள பொருத்து. நம் சொல் அந்தப் பொருத்தைத் தொட வேண்டும்.

எதிர்த் திசையிலும் இதே கதைதான். பாரிஸ் உடன்படிக்கையில் கையெழுத்திட்டவை நாடுகள். ஆனால் உலகின் பசுங்குடில் வாயு உமிழ்வில் நகரங்களின் பங்கு 2020இல் 67 முதல் 72 விழுக்காடு வரை இருந்ததாக, ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசியின் ஆறாவது மதிப்பீட்டறிக்கை கணிக்கிறது. கட்டட விதி, குப்பை, நிலப் பயன்பாடு, தெரு ஆகியவற்றில் பெரும்பகுதி நகராட்சியின் கையில். டோக்கியோ பெருநகர அரசு 2010இல் பெரிய கட்டடங்களுக்கு உமிழ்வு உச்சவரம்பும், வரம்புக்குள் மிச்சமாவதை வாங்கி விற்கும் முறையும் கொண்டுவந்தது. நியூயார்க் நகரம் 2019இல் 97ஆம் உள்ளூர்ச் சட்டத்தை இயற்றியது. 25,000 சதுர அடிக்கு மேற்பட்ட பெரும்பாலான கட்டடங்களுக்கு 2024இலிருந்து உமிழ்வு வரம்பு நடைமுறைக்கு வந்தது. இப்படிப்பட்ட வேலைகளை நகரங்கள் செய்யாவிட்டால், நாட்டு அரசு ஐ.நா.வுக்குக் கொடுத்த வாக்குறுதி தாளோடு நின்றுவிடும்.

எனக்கு மிகவும் பிடித்த எடுத்துக்காட்டு ஜெர்மனியுடையது. 2008 முதல் 'கொமுனால்ரிச்ட்லீனி' என்ற நிதித் திட்டத்தில் நாட்டு அரசு உள்ளாட்சிகளுக்குப் பணம் தருகிறது. விளக்கு மாற்ற, திட்டம் தீட்ட என்பதோடு, நகராட்சி அலுவலகத்தில் காலநிலைப் பணிக்கென்றே ஓர் ஆளை அமர்த்தவும் உதவுகிறது. அந்த நாற்காலியில் உட்காரும் ஒருவரைக் கற்பனை செய்துபாருங்கள். மேலே போகும் விண்ணப்பமும் அவர் கையில், கீழே வரும் விதியும் அவர் மேசையில். நாம் தேடும் சொல்லுக்கு அவர்தான் உருவம் என்று எனக்குத் தோன்றுகிறது.

சரி, சொல்லுக்கு வருகிறேன். என் பரிந்துரை: அடுக்கிணை ஆளுகை.

அடுக்கு + இணை = அடுக்கிணை. புணர்ச்சியில் இடறல் இல்லை, வாயிலும் எளிதாக வருகிறது. இதில் 'இணை' வினைத்தொகையாக நிற்கிறது. ஊறுகாய் என்றால் ஊறிய, ஊறுகின்ற, ஊறும் காய் என்று மூன்று காலமும் அடங்குவது போல, இங்கும் அடுக்குகள் இணைந்த, இணைகின்ற, இணையும் ஆளுகை. காலநிலைக் கொள்கைக்கு இது அச்சாகப் பொருந்துகிறது. ஒருநாள் கூடிக் கையெழுத்துப் போட்டுக் கலைகிற வேலை இல்லை இது. பாரிஸ் உடன்படிக்கையின்படி நாடுகள் ஐந்தாண்டுக்கு ஒருமுறை தங்கள் பங்களிப்பை, அதாவது உமிழ்வைக் குறைக்கும் வாக்குறுதியைப் புதுப்பிக்கின்றன. ஒவ்வொரு முறையும் நகரங்களோடு மறுபடி உட்கார வேண்டும். முக்காலமும் தாங்குகிற இலக்கணம் நம்மிடம் இருக்கும்போது அதை விடுவானேன்?

> 'இணை இயக்குநர்' மாதிரி, இரண்டாம் இடத்து ஆளுகை என்று படித்துவிட மாட்டார்களா?

நல்ல கேள்வி அம்மா. 'இணை ஆளுகை' என்று தனியே எழுதினால் அந்த ஆபத்து உண்டு. முன்னால் அடுக்கு வந்து ஒட்டியதும் அந்தப் பொருள் விலகிவிடுகிறது. அதனால் எப்போதும் சேர்த்தே எழுத வேண்டும்; 'அடுக்கு இணை' என்று பிரித்தால் கெட்டுவிடும்.

கிளைச்சொற்கள் தருகிறதா என்றும் பார்த்தேன். அடுக்கிணைவு (நிலை), அடுக்கிணைப்பு (செயல்), அடுக்கிடைப் பேச்சு, அடுக்கிடை நிதி. நகரமும் நகரமும் கைகோப்பதற்கு 'நகரிடை' என்று வைத்துக்கொள்ளலாம்: சி40, இக்லி போன்றவை நகரிடை அமைப்புகள். இது இருந்தால் 'செங்குத்து', 'கிடைமட்டம்' இரண்டும் தேவைப்படாது. செங்குத்து என்றதும் எனக்கு மலைச்சரிவுதான் நினைவுக்கு வருகிறது. ஏறுவதும் விழுவதும் தெரிகிறதே தவிர, சேர்வது தெரியவில்லை.

'கூட்டாட்சி'யை ஏன் விட்டேன் என்றும் சொல்ல வேண்டும். அது அரசமைப்பின் வகை. ஜப்பானும் பிரான்சும் கூட்டாட்சிகள் அல்ல. அங்கும் இந்தப் பிரச்சினை இருக்கிறது. போதாததற்கு, பல கூட்டாட்சிகளில் ஒப்பந்தம் நாட்டுக்கும் மாகாணத்துக்கும் இடையேதான். நகரம் அதில் ஒரு தரப்பே இல்லை.

பட்டியலில் மூத்தவர் எழுப்பிய தடைதான் கனமானது.

> 1990களின் தொடக்கத்தில் அரசியல் அறிஞர் கேரி மார்க்ஸ் இந்தத் தொடரை ஐரோப்பிய ஒன்றியத்தைப் பற்றிப் பேசும்போது கொண்டுவந்தார். பிறகு 2003இல் லீஸ்பெட் ஹூகேயும் அவரும் அதை இரண்டு வகையாகப் பிரித்தார்கள். இரண்டாம் வகையில் அடுக்கே கிடையாது. ஆற்றுப்படுகை ஆணையம் எந்த அடுக்கு? உங்கள் சொல்லில் அதற்கு இடம் எங்கே?

ஐயா, இதற்கு என்னிடம் முழு விடை இல்லை. ஆற்றுப்படுகை ஆணையமோ பல நகராட்சிகளுக்குப் பொதுவான போக்குவரத்து ஆணையமோ ஒரு பணிக்காக எல்லைகளைக் குறுக்கே வெட்டி நிற்கிறது. அதை அடுக்கு என்றால் பொய்யாகும். ஆகவே ஒரு படி இறங்கி வருகிறேன். அரசியல் அறிவியல் நூல்களில், இரு வகைக்கும் பொதுவாக, 'பன்மட்ட ஆளுகை' இருக்கட்டும். நாட்டு அரசும் நகரங்களும் சேர்ந்து இயங்குவதைச் சொல்லும் காலநிலை எழுத்தில் மட்டும் 'அடுக்கிணை ஆளுகை' வரட்டும். ஆங்கிலத்தில் ஒரே தொடர் இரண்டு வேலை செய்கிறது என்பதற்காக நாமும் ஒரே சொல்லில் அடக்க வேண்டியதில்லை.

சொற்கோவைக்கான வரையறை இப்படி: 'ஒரு கொள்கையை வகுப்பது, அதற்கு நிதி தருவது, நிறைவேற்றுவது, கணக்கெடுப்பது ஆகியவற்றில் நாட்டு, மாகாண, நகர அரசுகள் ஒன்றையொன்று கலந்து, பொறுப்பைப் பகிர்ந்து செயல்படும் முறை.' இதைத் தொடரில் வைத்துப் பார்த்தேன்: '2023இல் துபாய் காலநிலை மாநாட்டில் தொடங்கிய சாம்ப் என்ற கூட்டணியில் 70க்கும் மேற்பட்ட நாடுகள் அடுக்கிணை ஆளுகைக்கு ஒப்புக்கொண்டன.' படிக்கும்போது தடுக்கவில்லை.

இதை ஒட்டி இன்னொன்று. ஐரோப்பிய ஒன்றியம் தன் காலநிலைத் திட்டத்துக்காக 2022இல் தேர்ந்தெடுத்த நூறு நகரங்களும், ஒன்றியத்துக்கு வெளியே பன்னிரண்டும் 'கிளைமேட் சிட்டி கான்ட்ராக்ட்' எழுதுகின்றன. அதைக் 'காலநிலை நகர ஒப்பந்தம்' என்று மொழிபெயர்ப்பது சரியில்லை. அது சட்டப்படி கட்டுப்படுத்தாது. 'உடன்பாடு' போதும்.

அடுத்துப் பேச வேண்டிய சொல்லையும் இப்போதே வைத்துவிடுகிறேன். மேலிருந்து கடமையை இறக்கிவிட்டு அதற்கான பணத்தை இறக்காமல் விடுவதற்கு ஆங்கிலத்தில் 'அன்ஃபண்டட் மேண்டேட்' என்கிறார்கள். நகரங்களைக் கேட்டால் அடுக்கிணைப்பு அறுந்துபோகிற முதல் இடம் இதுதான் என்பார்கள். 'நிதியில்லாப் பணிப்பு' என்று எழுதிப் பார்த்தேன், உயிரில்லை. வெறுங்கை முழம் போடுமா என்று கேட்கிற மொழி நம்முடையது. 'வெறுங்கைக் கடமை' என்று வைத்தால் எப்படி இருக்கும்? சொற்கோவைக்கு இது பேச்சுவழக்காகத் தெரியுமா என்பதுதான் என் ஒரே தயக்கம். உங்கள் கருத்துகளைச் சொல்லுங்கள்.

அன்புடன்.