அடிபட்ட நரம்பின் எரிச்சலுக்கும் ஹிஸ்டமினுக்கும் என்ன சம்பந்தம்?

கேள்வி:
ஏழு மாதத்துக்கு முன் கண்ணாடி உடைந்து முழங்கைக்குக் கீழே வெட்டிவிட்டது. தோல் ஆறிவிட்டது, நரம்பு ஆறவில்லை. சுண்டுவிரலின் நுனி மரத்துக் கிடக்கிறது. அதற்குக் கீழே சட்டைக் கை உரசினால்கூடச் சுள்ளென்று எரிகிறது. போன வாரம் தும்மல் தாங்காமல் இரவில் ஹிஸ்டமினை அடைக்கும் அலர்ஜி மாத்திரையான செட்டிரிசின் ஒன்று போட்டேன். அன்று எரிச்சல் குறைந்து தூங்கினேன். ஹிஸ்டமின் அலர்ஜி சமாச்சாரம் என்றுதான் நினைத்திருந்தேன். நரம்பு வலியிலும் அதற்குப் பங்கு உண்டா? தினமும் போடலாமா?

பதில் 1:
மருந்தியல் ஆய்வகத்தில் இருக்கிறேன். பங்கு உண்டு. நரம்பின் உறைக்குள்ளேயே மாஸ்ட் செல்கள் என்ற, ஹிஸ்டமினைச் சேர்த்துவைத்திருக்கும் நோய் எதிர்ப்புச் செல்கள் இருக்கின்றன. நரம்பு நசுங்கினால் அவை ஹிஸ்டமினைக் கொட்டிவிடும். அதைக் கொட்டவிடாமல் தடுக்கும் குரோமோகிளைகேட் என்ற மருந்தைக் கொடுத்தால், நரம்பு அடிபட்ட எலிகளுக்கு வலிக்கூச்சம் குறைகிறது.

ஆனால் ஹிஸ்டமினுக்கு எச்1 முதல் எச்4 வரை நான்கு ஏற்பிகள் (செல்லில் அது வந்து ஒட்டி வேலையைத் தொடங்கும் இடங்கள்), நான்கும் ஒரே வேலை செய்வதில்லை. செட்டிரிசின் அடைப்பது எச்1-ஐ. அது உணர்வு நரம்புகளைத் தூண்டிவிடும் ஏற்பி. எச்3 நேர்மாறு, நரம்பு முனையில் பிரேக் மாதிரி உட்கார்ந்து ஹிஸ்டமின் வெளியாவதைக் குறைக்கும். அந்தப் பிரேக்கை எடுத்துவிட்டால் மூளையில் ஹிஸ்டமின் கூடும். வலியும் கூட வேண்டும் அல்லவா? எலிகளில் குறைந்தது! அடிபட்ட இடத்தில் கெடுதல் செய்யும் அதே பொருள் மூளையில் வலியை அடக்க உதவலாம் என்பது எனக்கு இன்றும் வியப்புதான். எச்4 பெரும்பாலும் நோய் எதிர்ப்புச் செல்களில் இருக்கிறது. அதை அடைத்தும் வலி குறைந்திருக்கிறது, தூண்டியும் குறைந்திருக்கிறது. அதனால் ‘ஹிஸ்டமினை அடைத்தால் வலி போகும்’ என்று யாராவது சொன்னால், எந்த ஏற்பி, எந்த இடம் என்று கேளுங்கள். நரம்பு வலிக்கு செட்டிரிசினை வழக்கமான மருந்தாகக் கொடுப்பதில்லை. ஒரு இரவை நம்பித் தினமும் போடாதீர்கள்.

பதில் 2:
எனக்குக் காலில் இதே எரிச்சல். டாக்டர் அமிட்ரிப்டிலின் 10 மி.கி. எழுதினார், மனச்சோர்வுக்கான மருந்து, நரம்பு வலிக்கும் கொடுப்பார்கள். முதல் வாரம் காலையில் கண்ணே திறக்கவில்லை. அது எச்1-ஐயும் பலமாக அடைக்குமாம், தூக்கம் அதனால்தான். வலியைக் குறைப்பது பெரும்பாலும் நார்அட்ரினலின் என்ற, நரம்புகள் செய்தி அனுப்பும் வேதிப்பொருள் வழியாக என்றார். தூங்கி எழுந்த நாளில் வலி குறைவு என்பதை நானே பார்த்திருக்கிறேன். உங்களுக்கும் அன்று தூக்கம்தான் உதவியதோ?

கேள்வி கேட்டவர்:
இருக்கலாம் அக்கா. அதற்கு முந்தைய மூன்று இரவும் தும்மித் தும்மிச் சரியாகத் தூங்கவே இல்லை. இனி மாத்திரை போடாமலே, தினமும் தூங்கிய நேரத்தையும், பஞ்சால் தடவினால் எந்த இடம்வரை எரிகிறது என்பதையும் குறித்துவைக்கிறேன். அடுத்த முறை டாக்டரிடம் அந்தத் தாளைக் காட்டி அமிட்ரிப்டிலின் பற்றியும் கேட்கிறேன்.