பேவர் பிளாக்கில் ஃபவுண்டரி மணல், ஃபைபர்: போட்டுப் பார்த்தவங்க சொல்லுங்க

வணக்கம். கோவை பக்கம் ரப்பர் மோல்டில் பேவர் பிளாக் போடுறோம். எம்-சாண்டில் 20 சதவீதத்துக்குப் பதிலா ஃபவுண்டரியில (இரும்பு வார்க்கிற பட்டறை) கழிக்கிற கறுப்பு மணல் சேர்க்கிறோம். சிமென்ட்டோட கொஞ்சம் ஃபிளை ஆஷ் (அனல் மின் நிலையச் சாம்பல்). அந்த மணல்ல ஒட்டியிருக்கிற பென்டோனைட் களிமண்ணும் நிலக்கரித் தூளும் தண்ணியை இழுத்துக்குது. கலவை இளகி ஓட ஊத்துற பிசிஇ (பாலிகார்பாக்ஸிலேட்) அட்மிக்ஸரையும் களிமண்ணே குடிச்சிடுது. கலவை மோல்டு மூலைக்கே போகமாட்டேங்குது. மணலைக் கழுவணுமா, சலிச்சா போதுமா? பிசிஇக்குப் பதிலா நாப்தலீன் வகை அட்மிக்ஸர் தேவலையா?

அடுத்து, 12 மி.மீ. பாலிப்ரொப்பிலீன் ஃபைபர் (பிளாஸ்டிக் இழை) பான் மிக்ஸர்ல பஞ்சுருண்டையா திரளுது. காய்ஞ்ச கலவையிலயே தூவணுமா, தண்ணி விட்ட பிறகா? ஃபைபருக்குப் பதிலா போட லேத் சுருள் (கடைசல்ல விழுற இரும்புச் சீவல்) சும்மாவே கிடைக்குது, ஆனா ஆயில் பிசுக்கும் துருக்கறையும்தான் யோசனையா இருக்கு. போட்டவங்க இருந்தா படத்தோட சொல்லுங்க. அட்மிக்ஸர் விளம்பரம் மட்டும் வேண்டாம், ப்ளீஸ்.