மறு: ‘ஃப்ரீவேர்’ என்பதற்கு என்ன சொல்?

கீழக்கரைக் காக்கா, தொண்டித் தம்பி, எல்லாருக்கும் வணக்கம். மண்டபத்திலிருந்து எழுதுகிறேன்.

> சும்மா கொடுக்கிறவனிடம் மூலநிரலையும் கொடு என்பது பேராசை இல்லையா?

தம்பி கேட்பது நியாயம்தான். ராத்திரி கண்விழித்து எழுதியதை ஒருவர் காசு வாங்காமல் தருகிறார், அதுதான் ஃப்ரீவேர். மூலநிரலை, அதாவது அவர் கைப்பட எழுதிய நிரல் வரிகளை, காட்ட மனமில்லை என்றால் அது அவர் இஷ்டம். எனக்குத் தகராறு நாம் வைக்கும் பெயரோடு. நம் சொற்பட்டியலில் ‘ஃப்ரீவேர்’, ‘ஃப்ரீ சாஃப்ட்வேர்’ இரண்டுக்கும் எதிரே ‘இலவச மென்பொருள்’ என்றே கிடக்கிறது. பின்னதற்குக் ‘கட்டற்ற மென்பொருள்’ என்று நல்ல சொல் எப்போதோ வந்துவிட்டது. ஓட்டலாம், படித்துத் திருத்தலாம், பகிரலாம், திருத்தியதையும் பகிரலாம் என்ற நான்கு உரிமை அதற்கு. மூலநிரல் கையில் இல்லாவிட்டால் இரண்டாவதும் நான்காவதும் ஏட்டுச் சுரைக்காய்.

கட்டற்ற மென்பொருள் பலவற்றோடு வரும் குனு பொது உரிமத்தின் (ஜிபிஎல்) 2-ஆம் பதிப்பு, 1991-இல் வந்தது, இதில் கறார்: கணினியில் ஓடும் கோப்பைக் கொடுத்தால் மூலநிரலையும் சேர்த்துக் கொடு, முடியாவிட்டால், கேட்பவருக்குத் தருவதாகக் குறைந்தது 3 ஆண்டு செல்லும்படி எழுதிக்கொடு. மூலநிரல் எது என்பதற்கும் வரையறை உண்டு: திருத்துவதற்கு எந்த வடிவம் தோதோ அது. மாறிகளின் பெயரை எல்லாம் அ, ஆ என்று சிதைத்து, வரிகளை ஒன்றாக நசுக்கி ‘இந்தா மூலம்’ என்று கொட்டினால் செல்லாது. (அப்படிக் கொட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.)

நம் கடலுக்கே வருகிறேன். இலங்கைக் கடல் எல்லையை நெருங்கினால் கூவுகிற செயலியைப் போனில் போட்டுக்கொண்டு தனுஷ்கோடிப் பக்கம் தொழிலுக்குப் போகிறார்கள் என்று வையுங்கள். 1974-இன் இந்திய-இலங்கை ஒப்பந்தம் பாக் நீரிணையில் 6 புள்ளிகளைக் குறித்து, பெருவட்ட வில்லால் (உருண்டைப் பூமியின் மேல் மிகக் குறுகிய கோடு) அவற்றை இணைக்கச் சொல்கிறது. செயலிக்குள் அந்தப் புள்ளிகள் பாகை, கலை பிசகாமல் ஏறியிருக்கின்றனவா? கோட்டுக்கு எத்தனை மைல் முன்னால் கூவும்? ஜிபிஎஸ் சிக்னல் அறுந்தால் சொல்லுமா, வாயை மூடிக்கொள்ளுமா? நிரலைத் திறந்து வைத்தால் நம் பாலிடெக்னிக் பையன் ஒருவன் உட்கார்ந்து பார்த்துவிடுவான். மூடி வைத்தால், படகு பிடிபட்ட பிறகுதான் தெரியும். ஆள் உயிரும் படகும் நம்பி இருக்கிற செயலி என்றால், ‘அவர் இஷ்டம்’ என்று மேலே நான் எழுதியது பொருந்தாது. அங்கே மூலநிரலைக் கேட்டே ஆகவேண்டும்.

ஃப்ரீவேருக்கு என் பரிந்துரை: இனாம்நிரல். சேதுச் சீமைக்காரர்களுக்கு இனாம் என்றால் விளக்க வேண்டியதில்லை. ஊழியத்துக்காகக் கொடுத்த இனாம் நிலத்தை உழுது பயிரிடலாம், விளைந்ததை உண்ணலாம். பட்டயத்தில் உள்ள நிபந்தனையை மாற்ற மட்டும் முடியாது.

---

கீழக்கரையிலிருந்து:

இனாம் அரபிச் சொல்லாச்சே, தம்பி. எங்களுக்குச் சந்தோஷம்தான், தனித்தமிழ்க்காரர்கள் விடுவார்களா? அரசாங்கமே பழக்கிவிட்ட ‘விலையில்லா’ இருக்கிறதே?

---

மண்டபத்திலிருந்து:

காக்கா, அந்தச் சொல்தான் காலை வாருகிறது. 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் ஆரம்பத்தில் கொடுத்த கணினிகளில் விண்டோசும், பாஸ் லினக்ஸ் என்ற கட்டற்ற இயங்குதளமும் சேர்ந்தே வந்தன. பிள்ளைகளுக்கு இரண்டும் விலையில்லாதவைதான். பாஸ் லினக்சைத் திறந்து திருத்தலாம், விண்டோசை முடியாது. இந்த வேறுபாட்டைச் சொல்லத்தானே புதுச் சொல் தேடுகிறோம். அரபி வந்தால் வரட்டும். நம் பத்திரங்களில் முன்னூறு வருஷமாகப் புழங்கிய சொல்.

---

தொண்டியிலிருந்து:

சரி அண்ணே, இனாம்நிரலுக்கு என் ஓட்டு. ஆனால் ‘ஷேர்வேரை’ இதற்குள் திணிக்காதீர்கள். கெடு முடிந்ததும் காசு கேட்கிறது எப்படி இனாம் ஆகும்? அதற்குத் தனி இழை தொடங்குகிறேன்.