முதற்படகாக 1976ஆம் ஆண்டுப் பாய்ப்படகு: வாங்கலாமா?

ஏரிக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் ரொறன்ரோவுக்கு மேற்கே, ஒன்ராறியோ ஏரிக்கு அருகில் வசிக்கிறேன். இரண்டு கோடைகாலங்கள் ஒரு படகுக் கழகத்தில் சிறிய பாய்ப்படகுகளில் பயிற்சி பெற்றேன். நண்பர் ஒருவரின் 30 அடிப் படகிலும் பத்துப் பன்னிரண்டு தடவைகள் ஏரிக்குள் சென்று வந்திருக்கிறேன். இப்போது சொந்தமாக ஒன்று வாங்க விரும்புகிறேன்.

1976இல் கட்டப்பட்ட 'சி அண்ட் சி 27' படகு ஒன்று 7,000 டொலருக்கு விற்பனைக்கு வந்திருக்கிறது. உரிமையாளர் எழுபது வயதைக் கடந்தவர்; முழங்கால் வலியால் படகில் ஏறி இறங்க முடியாமல் விற்கிறார். இரண்டு ஆண்டுகளாகத் தண்ணீரில் இறங்காத படகு, கழக முற்றத்தில் இரும்புத் தாங்கியின்மேல், ஒருபக்கம் கிழிந்த தார்ப்பாயின் கீழ் நிற்கிறது. உள்ளே பூஞ்சண வாசனை இருந்தது. ஒரு யன்னலுக்குக் கீழே பழுப்பு நிறத்தில் நீர் வழிந்த கோடு ஒன்றையும் கண்டேன். ஆயினும் தேக்குமர வேலைப்பாடுகள் மனதைக் கவர்ந்தன. பாய்கள் பழையவை என்பதைத் தவிர வேறு குறை எதுவுமில்லை என்கிறார் உரிமையாளர்.

வாங்குவதற்கும் திருத்துவதற்குமாகச் சேர்த்து என்னிடம் 12,000 டொலர் இருக்கிறது. ஏறக்குறைய ஐம்பது வயதான பைபர்கிளாஸ் உடலை நம்பலாமா? 7,000 டொலர் படகுக்கு 600 டொலர் கொடுத்து, படகைப் பரிசோதித்து அறிக்கை தரும் சர்வேயரை அழைப்பது அவசியமா? என் பாட்டனார் யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் பாய்க்கப்பல் கட்டியவர்களோடு வேலை செய்தவர். அங்கே கட்டப்பட்ட அன்னபூரணி என்னும் பாய்க்கப்பலை ஓர் அமெரிக்கர் விலைக்கு வாங்க, அது 1938இல் மசச்சூசெற்ஸ் மாநிலத்துக் குளொஸ்ரர் துறைமுகம் வரை சென்று சேர்ந்ததைக் கேட்டு வளர்ந்தவன் என்பதால், இந்த ஆசையை இலகுவில் விட மனம் வரவில்லை.

சோழகம் எழுதியது:

வணக்கம் தம்பி. நல்ல படகைத்தான் பார்த்திருக்கிறீர்கள். கத்பேட்சன், காசியன் என்னும் இருவருடைய பெயர்களின் முதலெழுத்துகளைக் கொண்ட அந்த நிறுவனம் 1969இல் உருவானது. நயாகரா-ஒன்-த-லேக்கில் அதற்குக் கட்டுமானத் தளம் இருந்தது. அவர்களுடைய படகுகள் இந்த ஏரியின் காற்றையும் குறுகிய அலையையும் அறிந்து வடிவமைக்கப்பட்டவை. பைபர்கிளாஸ் உடலின் வயதைக் குறித்து நான் அதிகம் கவலைப்படமாட்டேன். படகு வாழ்நாள் முழுவதும் நன்னீரில் இருந்திருந்தால், உலோகப் பகுதிகளும் உப்புநீர்ப் படகுகளைவிட நல்ல நிலையில் இருக்கும்.

என் கவலையெல்லாம் மேற்தளத்தைப் பற்றியது. அக்காலத்துப் படகுகளின் மேற்தளம் ஒரே தகடு அன்று. மேலும் கீழும் மெல்லிய பைபர்கிளாஸ் தோல், நடுவே பால்சா என்னும் இலேசான மரத்துண்டுகள். எடை குறைவு, விறைப்பு அதிகம் என்பதால் அது நல்ல கட்டுமானம்தான். ஆனால் ஓரக்கம்பியைத் தாங்கும் தூண்களையும், கயிறு கட்டும் கொண்டிகளையும், கைபிடிகளையும் பொருத்துவதற்காக அந்தத் தோலில் எத்தனையோ துளைகள் இட்டிருக்கிறார்கள். அவற்றை அடைத்த பசை இருபது ஆண்டுகளில் காய்ந்து வெடித்துவிடும். பிறகு ஒவ்வொரு மழையிலும் சில துளிகள் உள்ளே இறங்கி மரத்தை ஊறவைக்கும். குளிர்காலத்தில் அந்த ஈரம் உறைந்து விரியும்போது தோல் மரத்தைவிட்டுப் பிரிகிறது. இரண்டு குளிர்காலம் கிழிந்த தார்ப்பாயின் கீழ் நின்ற படகென்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு முதலில் தோன்றியது இதுதான். அந்தப் பழுப்புக் கோடும் இதையே சொல்லக்கூடும்.

சிறிய பிளாஸ்ரிக் சுத்தியல் ஒன்றை எடுத்துச் செல்லுங்கள். சந்தையில் மண்பானை வாங்கும்போது தட்டிப் பார்ப்பதைப் போல, மேற்தளத்தை ஒரு சாண் இடைவெளியில் தட்டிக்கொண்டே செல்லுங்கள். நல்ல இடம் 'டக்' என்று கூர்மையாக ஒலிக்கும். ஊறிய இடம் 'தொப்' என்று அமுங்கிய ஒலி தரும். ஒலி மாறும் இடங்களைச் சுண்ணக்கட்டியால் குறித்துவிட்டு, இறுதியில் எட்ட நின்று பாருங்கள். உள்ளங்கையளவு இரண்டு மூன்று இடங்கள் என்றால் பேரம் பேசலாம். பாய்மரத்தைச் சுற்றியோ, தளத்தின் பாதியிலோ குறிகள் நிறைந்திருந்தால், அந்தப் படகை இலவசமாகத் தந்தாலும் முதற்படகாக ஏற்காதீர்கள். எனது முதற்படகை நான் தட்டிப் பார்க்காமல் வாங்கினேன். இரண்டு கோடைகள் அதன்மேல் முழங்காலிட்டு, கறுத்துக் கூழான பால்சாவைக் கரண்டியால் வழித்து எடுப்பதிலேயே கழிந்தன. அந்த இரண்டு கோடைகளிலும் நான் ஒருநாள்கூடப் பாய் விரிக்கவில்லை.

இன்னொன்று. படகின் அடியில் துருத்தி நிற்கும் கனமான பகுதியாகிய கீல் உடலோடு சேரும் இடத்தின் முன்பக்கத்தில், புன்னகை போல வளைந்த வெடிப்பு இந்நிறுவனப் படகுகளில் அடிக்கடி காணப்படுவது. படகு தாங்கியில் நிற்கும்போது அதன் எடை கீலின்மேல் இறங்குவதால் அந்த வெடிப்பு மூடியிருக்கும். பாரந்தூக்கியின் பட்டிகளில் தொங்கும்போதுதான் விரியும். ஆகவே தண்ணீரில் இறக்கும் நாளில் நீங்கள் அருகில் நின்று பார்க்கலாம் என்னும் நிபந்தனையை ஒப்பந்தத்தில் எழுதச் செய்யுங்கள்.

கொண்டல் எழுதியது:

இயந்திரத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். இந்தப் படகில் இருக்கக்கூடிய அற்றோமிக் 4 பழைய பெற்றோல் இயந்திரம் என்பதற்காக அஞ்சவேண்டாம். 1947 முதல் 1985 வரை அதை உற்பத்தி செய்தார்கள். உதிரிப் பாகங்கள் இன்றும் கிடைக்கின்றன. நான் பதினொரு ஆண்டுகள் அதை ஓட்டினேன். சீராகவும் அமைதியாகவும் ஓடியது.

ஆனால் பெற்றோல் ஆவி காற்றைவிடக் கனமானது. அது படகின் அடிவயிற்றில் தேங்கும். ஆகவே ஒவ்வொரு தடவையும் இயந்திரத்தை முடுக்குவதற்கு முன்னர், அந்த ஆவியை வெளியேற்றும் காற்றூதியை நான்கு நிமிடமாவது ஓடவிடவேண்டும். இது கனடாவின் சட்டவிதியும் ஆகும். நான் அதன்பிறகும் மூடியைத் திறந்து மூக்கால் முகர்ந்து பார்த்த பின்னரே சாவியைத் திருப்புவேன். அந்தக் காற்றூதி வேலை செய்கிறதா, அதன் குழாய் அறுந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

அடுத்ததாக, கடைசி இரண்டு இலையுதிர் காலங்களிலும் இயந்திரத்திலிருந்த தண்ணீரை வடித்து உறைதடுப்பு திரவம் ஊற்றியவர் யார் என்று உரிமையாளரிடம் கேளுங்கள். பெரும்பாலான அற்றோமிக் 4 இயந்திரங்கள் ஏரித் தண்ணீரையே உள்ளே சுற்றவிட்டுக் குளிர்விப்பவை. ஒரே ஓர் உறைபனி இரவில் உள்ளிருக்கும் தண்ணீர் வார்ப்பிரும்பைப் பிளந்துவிடும். தீப்பொறிச் செருகிகளைக் கழற்றி, கையால் சுற்றிப் பார்க்காமல் முடிவெடுக்கவேண்டாம்.

நங்கூரம் எழுதியது:

சர்வேயர் அவசியமா என்னும் கேள்விக்கு விடை எளிது: காப்புறுதி நிறுவனங்கள் இவ்வளவு பழைய படகுக்குச் சர்வே அறிக்கை இல்லாமல் பெரும்பாலும் காப்புறுதி தரமாட்டா, காப்புறுதி இல்லாத படகைக் கழகங்கள் பொதுவாக ஏற்பதில்லை. விற்பவர் பரிந்துரைக்கும் சர்வேயரை மட்டும் தவிர்த்துவிடுங்கள். படகின்மேல் கடன் பதிவு ஏதும் இருக்கிறதா என்று ஒன்ராறியோ அரசின் பதிவேட்டில் தேடிப் பார்ப்பதும் சிறு செலவுதான்.

ஆனால் சோழகம் அண்ணாவிடமிருந்து நான் சற்று வேறுபடுகிறேன். தளம் முழுவதும் 'டக்' என்று ஒலித்தாலும், 12,000 டொலர் என்னும் கணக்கில் 7,000 கொடுத்து வாங்குவது இறுக்கமானது. எனது 26 அடிப் படகுக்குக் கட்டுமிடம், கழகச் சந்தா, பாரந்தூக்கி, குளிர்கால நிறுத்திடம், காப்புறுதி எல்லாமாகச் சென்ற ஆண்டு 4,300 டொலர் ஆயிற்று. இதில் ஒரு போல்ற்கூடத் திருத்தப்படவில்லை. பாய்மரத்தைத் தாங்கும் உருக்குக் கம்பிவடங்கள் படகின் வயதுடையவையாக இருந்தால் அவற்றை மாற்றியாகவேண்டும். அறுந்தால் பாய்மரமே சரியும். வாங்கும் விலையைப் போல இன்னொரு பங்கைக் கையில் வைத்திருக்க முடியாதவர் 22 அடிப் படகு ஒன்றைத் தேடுவதே நல்லது என்பது என் உறுதியான எண்ணம்.

ஏரிக்கரை எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. சென்ற சனிக்கிழமை சுத்தியலும் சுண்ணக்கட்டியும் கொண்டு சென்றேன். முன்தளம் முழுவதும் கூர்மையாக ஒலித்தது. இடப்பக்கம் மூன்றாவது ஓரக்கம்பித் தூணின் அடியில் ஒலி திடீரென்று செத்துப்போனது. அங்கிருந்து அந்த யன்னல் வரை ஏறக்குறைய இரண்டு அடி நீளம், ஓரடி அகலம். தூணைப் பிடித்து அசைத்தபோது அதன் திருகாணியைச் சுற்றித் தேநீர் நிறத்தில் நீர் கசிந்தது. உரிமையாளரும் குனிந்து அதைப் பார்த்தார். அவருக்கு உண்மையாகவே தெரிந்திருக்கவில்லை என்று நினைக்கிறேன். இயந்திரம் கையால் சுற்றியது. இரண்டு குளிர்காலத்துக்கும் உறைதடுப்பு ஊற்றிய கழகப் பற்றுச்சீட்டுகளையும் காட்டினார். கம்பிவடங்கள் 2011இல் மாற்றப்பட்டவை.

பேசி 4,000 டொலருக்கு ஒப்புக்கொண்டோம். சர்வே அறிக்கையும், பட்டியில் தொங்கும்போது கீலைப் பார்ப்பதும் நிபந்தனைகள். நங்கூரம் சொன்ன கணக்கின்படி 8,000 கையில் இருக்கும். அந்த இரண்டடி இடத்தை நானே திருத்த முடியுமா?

சோழகம் எழுதியது:

முடியும். திருத்துவதற்குப் பயன்படும் எபாக்ஸி என்னும் ஒட்டுப்பிசின் இறுகுவதற்குச் சூடு வேண்டும். யூன் மாதம் வரை பொறுத்திருங்கள். மேல்தோலைக் குறியிலிருந்து ஒரு சாண் வெளியே வெட்டித் திறந்து, ஈரமான மரம் முழுவதையும் எடுத்துவிட்டு, காய்ந்த மரம் கைக்குத் தட்டுப்படும்வரை செல்லுங்கள். ஈரத்தின்மேல் ஒருபோதும் மூடவேண்டாம். தூணைத் திரும்பப் பொருத்துவதற்கு முன்னர் துளையைப் பெரிதாக்கி எபாக்ஸியால் நிரப்பி, இறுகியபின் அதன் நடுவே புதிய துளை இடுங்கள். அப்போது பசை மறுபடி வெடித்தாலும் தண்ணீர் மரத்தைத் தொடாது. மற்றத் தூண்களையும் அதே கோடையில் ஒவ்வொன்றாகக் கழற்றி இவ்வாறே செய்யுங்கள். முதல் தோலைத் திறக்கும் நாளைச் சொன்னால் என் கருவிகளோடு வருகிறேன்.